வெறும் தரவுக் கோப்பு அல்ல: ஃபர்ம்வேர் பொதியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் ஃபர்ம்வேர் பொதியைப் பராமரிப்பவர்களுக்கும் வெளியீட்டுக் குழுவினருக்கும்,

வைஃபை போன்ற சிப்புகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் புதிய பதிப்பால் எங்கள் கணினிகளில் வைஃபை அறுந்துபோவது பற்றிப் போன மாதம் நான் பதிந்த பிழை அறிக்கையை "அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டது" என்ற ஒரு வரியோடு மூடிவிட்டீர்கள். அதோடு நிற்காமல், மற்றப் பொதிகளுக்கு இருக்கும் ஒரு வாரச் சோதனைக் காலம் ஃபர்ம்வேர் பொதிக்குத் தேவையில்லை, அதில் இருப்பது நிரல் அல்ல, வெறும் தரவுக் கோப்புகள்தாம், பொதுவான லினக்ஸ் ஃபர்ம்வேர் களஞ்சியத்திலிருந்து வந்தவுடன், எல்லாப் பயனர்களுக்கும் போகும் நிலையான கிளைக்கு நேராக அனுப்பிவிடலாம் என்றும் முடிவெடுத்து எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையை மூடியதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த முடிவைப் பேசாமல் விழுங்கத்தான் என்னால் முடியவில்லை.

நான் இருப்பது சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப் பட்டணம். வேலை செம்பனை ஆலையில், பராமரிப்புப் பிரிவில். சனி ஞாயிறுகளில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கணினி அறை நடத்துகிறோம். 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் அப்பாவின் ஒரே கைப்பேசியை முறை வைத்துப் பாடம் படித்ததைப் பார்த்தோம். அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும். அந்தக் கவலையில் ஆரம்பித்த அறை இது. ஈப்போவில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினிகள், மொத்தம் 15, கேட்டு வாங்கி வந்தோம். அவற்றில் விண்டோஸ் ஊர்ந்தது. உங்கள் வழங்கலைப் போட்டதும் ஓட ஆரம்பித்தன, இத்தனை வருடம் ஓடின. அதனால்தான் வேறொரு வழங்கலுக்குத் தாவாமல் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

மண்டபத்தில் கம்பி இணையம் கிடையாது. சிம் கார்டு போட்ட ஒரு மோடம், முன்கட்டண டேட்டா, அவ்வளவுதான். உங்கள் ஃபர்ம்வேர் பொதியோ நூற்றுக்கணக்கான மெகாபைட். ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இறக்கினால் மாத டேட்டா ஒரே இரவில் தீர்ந்துவிடும். அதனால் ஒரு கணினியில் இறக்கிச் சேமித்து, அங்கிருந்து மற்றவற்றுக்குக் கொடுப்பது என் வழக்கம். அந்த வியாழக்கிழமை இரவும் அப்படித்தான் 14 கணினிகளுக்கும் போட்டு முடித்து, எல்லாவற்றையும் அணைத்து, பூட்டிவிட்டு வந்தேன். பதினைந்தாவதை ஒரு மாணவி வீட்டுப்பாடத்துக்காகத் தோட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த நான்கு பேர், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு அது கடைசி வாரம். ஒன்பது கணினிகளில் வைஃபையின் பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லைக் கேட்கிறது, இணைகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. "அண்ணே, லைன் போச்சு" என்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் குரல் வருகிறது. முதலில் மோடத்தைச் சந்தேகப்பட்டு ஜன்னலோரம் மாற்றி வைத்தேன், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மற்ற ஐந்து கணினிகள் ஒரு குறையும் இல்லாமல் அதே மோடத்தில் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

சரி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான் மாறியிருக்கும் என்று நினைத்தேன். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கர்னல் எப்போதும் ஒன்று இருக்கும். நீங்கள் செய்துவைத்திருக்கும் மிக நல்ல ஏற்பாடு அது, முன்பு இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். அதிலும் வைஃபை அறுந்தது.

உங்களிடம் நான் பேச வந்த விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கர்னலைப் புதுப்பித்தால் பழையதை அப்படியே விட்டுவைக்கிறீர்கள், அது கெட்டுப்போகக்கூடிய பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பழையதை அதே இடத்தில் அழித்து எழுதிவிடுகிறீர்கள். பழைய கர்னலும் புதிய கர்னலும் ஒரே ஃபர்ம்வேர் கோப்புறையைத்தான் திறந்து பார்க்கின்றன. ஆகவே பழைய கர்னலுக்குத் திரும்பினாலும் அதன் கைக்குக் கிடைப்பது அதே புதிய, கெட்டுப்போன கோப்புதான். திரும்பிப் போகும் வழி இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் இல்லை.

கர்னலின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஃபர்ம்வேர் பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது, வைஃபை சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறது, மறுபடியும் விழுகிறது. ஒன்பதிலும் ஒரே வகை வைஃபை சிப், மற்ற ஐந்தில் வேறு வகைகள். என் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, பழைய பொதியை இறக்கலாம் என்று போனால், புதியது வந்ததும் உங்கள் களஞ்சியத்திலிருந்து பழையதை நீக்கியிருக்கிறீர்கள். என் சேமிப்பிலும் இடம் போதாமல் அது அழிந்துபோயிருந்தது. அப்போதுதான் தோட்டத்துக்குப் போன அந்தப் பதினைந்தாவது கணினி ஞாபகம் வந்தது. மாணவியின் வீட்டுக்குக் கூப்பிட்டு, "ஆன் பண்ணாம அப்படியே எடுத்துட்டு வாம்மா" என்றேன். அவளுடைய அப்பா காலை வேலை முடித்து, பசியாறக்கூட உட்காராமல், மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை, முழுதாக ஒரு மெகாபைட் அல்லது இரண்டு இருக்கும், பென்டிரைவில் எடுத்து ஒன்பது கணினிகளுக்கும் கையால் போட்டேன். முடிந்தபோது மதியம் ஆகிவிட்டது. யூ.பி.யூ. விண்ணப்பங்களை வேலை செய்த ஐந்து கணினிகளில் முடித்துவிட்டோம். சின்னப் பிள்ளைகள்தான் திரும்பிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள், வேனுக்குப் போட்ட பணம் போட்டதுதான்.

உங்கள் திருத்தம் ஐந்து நாள் கழித்து வந்தது. ஐந்து நாள் வேகமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வருவதும் இணையம் வழியாகத்தானே. வைஃபையைத் தவிர வேறு வழி இல்லாத கணினியில் வைஃபையை நிறுத்திவிட்டு, வைஃபையைச் சரிசெய்யும் கோப்பை வைஃபை வழியாக அனுப்பினால் அது யாருக்குப் போய்ச் சேரும்? எங்களிடம் தொடாத கணினி ஒன்று தற்செயலாக மிஞ்சியிருந்தது. அது இல்லாத வீட்டில், யூஎஸ்பி கேபிள் வித்தை தெரியாத ஒருவர், லினக்ஸ் கெட்டுவிட்டது என்று கணினியை மூடி அலமாரியில் வைத்திருப்பார். அவர் உங்களுக்குப் பிழை அறிக்கை எழுதமாட்டார். அதனால் உங்கள் கணக்கில் அவர் வரவே மாட்டார்.

"வெறும் தரவு" என்ற வாதத்துக்கு வருகிறேன். கணினி தொடங்கும்போது டிரைவர் ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கிறது, கர்னல் அதை எடுத்து வைஃபை சிப்புக்கோ கிராஃபிக்ஸ் சிப்புக்கோ கொடுக்கிறது, அந்தச் சிப்புக்குள் இருக்கும் சின்னச் செயலி அதை ஓட்டுகிறது. ஓடுவது நம் முதன்மைச் செயலியில் இல்லை என்பதற்காக அது நிரல் இல்லை என்று ஆகிவிடுமா? அதைவிட முக்கியம், இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலநிரல் வெளியே கிடையாது. சிப் தயாரிக்கும் நிறுவனம் ஒரு இருமக் கோப்பைப் பொதுவான லினக்ஸ் ஃபர்ம்வேர் களஞ்சியத்துக்கு அனுப்புகிறது. கூட வரும் குறிப்பு பெரும்பாலும் "புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது" என்பதோடு சரி. மற்றப் பொதிகளில் என்ன மாறியது என்று வரிவரியாகப் படித்துப் பார்க்க உங்களால் முடியும், உலகத்தில் யாராலும் முடியும். இதில் முடியாது. ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. படித்துப் பார்க்க முடிந்த பொதிக்கு ஒரு வாரச் சோதனை, படிக்கவே முடியாத பொதிக்கு ஒரு நாள்கூட இல்லை என்றால், அந்த ஒழுங்கு தலைகீழாக நிற்கிறது.

உங்கள் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின என்றும் எழுதியிருந்தீர்கள். அவை மெய்நிகர் கணினிகளில், அதாவது மென்பொருளால் உருவாக்கிய போலிக் கணினிகளில் ஓடுகின்றன. மெய்நிகர் கணினிக்குள் அந்த வைஃபை சிப் இல்லை, ஆகவே அந்த ஃபர்ம்வேர் கோப்பு அங்கே திறக்கப்படுவதே இல்லை. பொதி ஒழுங்காக நிறுவப்படுகிறதா என்பதை மட்டும்தான் அந்தப் பச்சை சொல்கிறது.

உண்மையான கணினியில் சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது, இதைப் பட்டுத்தான் கற்றேன். சில சிப்புகளில் புளூடூத் பகுதி, கணினியை ரீஸ்டார்ட் செய்யும்போது மின்சாரத்தை இழப்பதில்லை. ஏற்கெனவே ஏறிய பழைய ஃபர்ம்வேர் அதற்குள் அப்படியே உயிரோடு இருக்கும், "ஃபர்ம்வேர் ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளது" என்று பதிவில் ஒரு வரி வந்துவிட்டு வேலை தொடரும். சோதிப்பவர் புதியது நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிடுவார், ஆனால் ஓடியது பழையது. கணினியை முழுதாக அணைத்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி போட்டால்தான் புதியது உண்மையாக ஏறும். அதே மாதிரி, மூடியை மூடித் தூங்கவைத்து எழுப்பிப் பார்க்காத சோதனையும் அரைச் சோதனைதான், எழும்போது விழுகிற ஃபர்ம்வேர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஒன்பது கணினிகளில் வந்த கோளாறுக்கு இந்த அளவு நுட்பம்கூடத் தேவைப்பட்டிருக்காது. யாராவது ஒருவர் அந்தச் சிப் உள்ள ஒரே கணினியில் பத்து நிமிடம் காணொளி பார்த்திருந்தால் போதும், சிக்கியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் என் வழக்கத்தை மாற்றிவிட்டேன். 14 கணினிகளுக்கும் ஒரே இரவில் போட்டது என் தவறு. இப்போது சிப் வகைக்கு ஒன்றாக மூன்று கணினிகளைத் தனியே வைத்திருக்கிறேன். கர்னலின் தொடக்க வரியில் ஃபர்ம்வேர் கிளாஸ் பாத் என்ற அளவுருவைக் கொடுத்து வேறொரு கோப்புறையைக் காட்டினால், கர்னல் முதலில் அங்கே தேடும், அங்கே இல்லாத கோப்புக்கு மட்டும் வழக்கமான இடத்துக்குப் போகும். ஆகவே புதிய கோப்புகளை அந்தத் தனிக் கோப்புறையில் வைத்து, தொடக்கப் பட்டியலில் ஒரே ஒரு தடவை அந்த அளவுருவைத் தட்டெழுதி ஏற்றுகிறேன். பிடிக்கவில்லையா, அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும், எதையும் அழிக்கவும் வேண்டாம், மீட்கவும் வேண்டாம். வைஃபைக்கு இது அருமையாக வேலை செய்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் போன்றவை, கர்னலோடு சேர்ந்து முதலில் ஏறும் தொடக்க நினைவகப் படிமத்துக்குள்ளிருந்தே ஃபர்ம்வேரை எடுத்துக்கொள்ளும், அவற்றுக்கு அந்தப் படிமத்தையும் தனியாகக் கட்டிச் சோதிக்க வேண்டும், கொஞ்சம் கூடுதல் வேலை. அப்புறம், ஃபர்ம்வேர் கோப்புறைக்குள் அப்டேட்ஸ் என்று ஒரு உட்கோப்புறை வைத்து நல்ல பழைய கோப்பை அதில் போட்டால், பொதியைத் தொடாமலே பழையதற்கு முன்னுரிமை கிடைத்துவிடும். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். உங்கள் உதவிப் பக்கங்கள் எதிலும் இந்த இரண்டு வழிகளும் இல்லை.

ஆலையில் ஒரு பம்ப்பை மாற்றினால் பழைய பம்ப்பை அன்றைக்கே இரும்புக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம். புதியது நாலைந்து ஷிப்ட் ஓடட்டும் என்று சுவரோரம் வைத்திருப்போம். புதிய பம்ப் கெட்டால் பழம் வந்து குவிந்துகொண்டிருக்கும், காத்திருக்க நேரம் இருக்காது. எங்கள் சூப்பர்வைசர் சொல்லித்தராமலே எல்லாப் பையன்களுக்கும் இது தெரியும்.

மற்ற வழங்கல்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஃபெடோராவில் புதுப்பிப்பு முதலில் சோதனைக் களஞ்சியத்துக்குப் போகிறது, பயனர்கள் அங்கே போட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறார்கள். உபுண்டுவில் நிலையான பதிப்புக்கான திருத்தம் பொதுவாகக் குறைந்தது 7 நாள் முன்மொழிவுப் பகுதியில் இருக்கிறது, பிறகும் எல்லாருக்கும் ஒரே நாளில் போகாமல் சிறு சிறு பங்காகப் பரவுகிறது, நடுவில் கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம். டெபியன் ஃபர்ம்வேரை வகைவகையாகத் தனிப் பொதிகளில் வைத்திருக்கிறது. ஆர்ச்கூட 2025 ஜூனில் தன் ஒரே பெரிய பொதியைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்துவிட்டது. சிப்பின் நினைவகத்திலேயே நிரந்தரமாக எழுதும் ஃபர்ம்வேருக்கான எல்விஎஃப்எஸ் சேவையிலும் நிலையானது, சோதனைக்கு உரியது என்று இரண்டு தடங்கள் உண்டு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கோப்பிலிருந்து ஏறும் நம் ஃபர்ம்வேர் அதைவிட எளிதில் திரும்பக்கூடியது. எளிதாகச் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன்.

பாதுகாப்பு ஓட்டைகளை உடனே அடைக்க வேண்டுமே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2021 மே மாதம் ஃபிராக்அட்டாக்ஸ் என்ற வைஃபை ஓட்டைகள் வெளியானபோது அப்படி ஒரு அவசரம் நியாயம்தான். ஆனால் அவசரத்திலும் திரும்பிவர வழி வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டைக்காக அவசரமாக வந்த மைக்ரோகோடு (முதன்மைச் செயலிக்குள் ஏறும் ஃபர்ம்வேர்) சில கணினிகளைத் தானாக ரீஸ்டார்ட் ஆகவைத்தது. இன்டெல் நிறுவனமே ஜனவரி 22 அன்று அதைப் பரப்புவதை நிறுத்தச் சொன்னது. ரெட் ஹேட்டும் உபுண்டுவும் பழைய மைக்ரோகோடுக்குத் திரும்பின. திரும்ப முடிந்ததால்தான் திரும்பினார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் எங்கள் மாதிரி அறைகளுக்கும் வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. உங்களிடமும் வரும். உங்கள் குழுவினரின் மேசையில் இருக்கும் புதிய கணினிகளில் இந்தப் பழைய சிப்புகள் இல்லை. எங்களிடம் இருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கைகள். ஃபர்ம்வேர் பொதிக்குச் சோதனைக் காலம் வேண்டாம் என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். வழக்கமான புதுப்பிப்பு குறைந்தது 7 நாள் சோதனைக் கிளையில் இருக்கட்டும், பாதுகாப்புக்காக அவசரமாக அனுப்பினால் எந்த ஓட்டைக்காக என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். புதியது வந்த பிறகும் அதற்கு முந்தைய பொதியைக் களஞ்சியத்தில் வைத்திருங்கள், முடிந்தால் கர்னலைப் போலவே முந்தைய ஃபர்ம்வேர் தொகுதியைக் கணினியிலேயே விட்டுவைத்து, தொடக்கப் பட்டியலில் "பழைய ஃபர்ம்வேரோடு தொடங்கு" என்று ஒரு வரி சேருங்கள். மேலே சொன்ன அளவுரு ஏற்கெனவே கர்னலில் இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரே மூட்டையாக இருக்கும் பொதியைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரியுங்கள். அன்று ஒரு வைஃபை கோப்புக்காக முழுப் பொதியையும் நிறுத்திவைத்தேன், அதனால் மற்ற எல்லாச் சிப்புகளுக்கும் வரவேண்டிய நல்ல திருத்தங்களும் நின்றுபோயின. ஒவ்வொரு வெளியீட்டோடும் எந்தெந்தக் கோப்புகள் மாறின, அவை எந்தச் சிப்புகளுக்கு உரியவை என்ற பட்டியலைக் கொடுங்கள், அதைப் பார்த்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

சோதிக்க ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம். எங்கள் 15 கணினிகளின் சிப் விவரங்களை அந்தப் பிழை அறிக்கையில் இணைத்திருக்கிறேன். வன்பொருள் வாரியாகச் சோதனையாளர் பட்டியல் ஒன்றைத் திறந்து, முழுதாக அணைத்துப் போடுவது, தூங்கவைத்து எழுப்புவது, புளூடூத், அரை மணி நேர வைஃபை என்று என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை எழுதித் தாருங்கள். புதிய ஃபர்ம்வேர் சோதனைக் கிளைக்கு வந்த மறு சனிக்கிழமை மாலைக்குள், எங்களிடம் உள்ள மூன்று வகைச் சிப்புகளுக்கும் முடிவை அனுப்பிவைக்கிறோம். அந்தப் பதினைந்தாவது கணினியை வைத்திருந்த மாணவி கர்னல் பதிவைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், அறிக்கை எழுதுவது அவளாகவும் இருக்கலாம்.

மூடிய பிழை அறிக்கையை மறுபடி திறந்து, உங்கள் பதிலை அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறைப் பொறுப்பாளர்களில் ஒருவன்,
சுங்கை சிப்புட், பேராக்